பல் டாக்டருக்கு அடுத்த அறை

டவுன் பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள் அடுத்தடுத்து இருந்தன. முதலாவது பல் கிளினிக். இரண்டாவது மனநல கிளினிக். இரண்டுக்கும் சேர்த்து வெளியே ஒரே ஒரு நீளமான மர பெஞ்சு. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் வந்து, "என்னக்கா, இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டால், அம்மா கொஞ்சமும் தயங்காமல், "மவளுக்குப் பல்லு வலி லா" என்று மலாய்க்காரர்கள்போல 'லா' போட்டுச் சொல்வாள். நான் உடனே கன்னத்தில் கையை வைத்துக்கொள்வேன். அப்போது என் கன்னம் இருந்த இருப்பில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும் வீங்கிக் கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டுரியான் துங்காலிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையில் எங்கள் தோட்டம் இருந்தது. அம்மா பால்மரம் வெட்டினாள், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை. அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தால் விரல் முட்டியெல்லாம் வலிக்கும், பென்சிலைப் பிடிக்க வராது. வெயிலில் நின்றால் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடிக்கும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி ஊசியாகக் குத்தி ரத்தம் எடுத்த பிறகு லூப்பஸ் என்றார்கள்.

அதை அம்மாவுக்குப் புரியவைக்க அங்கிருந்த டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். நம் உடம்புக்குள் ஜாகா மாதிரி ஒரு காவல்காரன் இருக்கிறான், திருடன் வந்தால் அடிப்பது அவன் வேலை, இந்தப் பிள்ளையின் ஜாகாவோ வீட்டுக்காரர்களையே அடிக்கிறான் என்று மலாயில் சொன்னார். அம்மா தலையாட்டினாள். எனக்கோ அன்று முழுவதும் ஒரே யோசனை. என் உடம்புக்கே என்னைப் பிடிக்கவில்லை, மற்றவர்களுக்கு எப்படிப் பிடிக்கும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவுகட்டிவிட்டேன். பதினைந்து வயதில் முடிவுகளை வேகமாக எடுக்கலாம்.

தினமும் காலையில் எட்டு வெள்ளை மாத்திரைகள். அவற்றைச் சாப்பிட்டதும் கை கால் வலி குறைந்தது உண்மைதான். ஆனால் இரண்டு மாதத்துக்குள் முகம் உப்பி, கண் சிறுத்து, நெற்றியெல்லாம் பரு வந்துவிட்டது. பள்ளியில் எனக்கு 'பாவ்' என்று பெயர் வைத்தார்கள். ஆவியில் வேகவைத்து விற்பார்களே, வெள்ளையாக, உருண்டையாக, அந்த பாவ்தான். காலைக் கூட்டத்தில் எல்லாரும் வெயிலில் வரிசையாக நிற்க, நான் மட்டும் தாழ்வாரத்து நிழலில் தனியாக நிற்பேன். திரும்பிப் பார்க்காத தலை ஒன்றுகூட இருக்காது. மருந்தைக் குறைக்கக் குறைக்க முகம் வடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருப்பார்தான். என் காதில் ஏறவில்லை.

அம்மா விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். போகும்போது எட்டு மாத்திரைகளையும் ஒரு கிண்ணத்தில் எண்ணிவைத்து, மேலே தட்டு மூடிவிட்டுப் போவாள். முதலில் நான்கைச் சாப்பிட்டு நான்கை எறிந்தேன். பிறகு எட்டையும் எறிந்தேன். வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் போட்டால் கோழிகள் கொத்திவிடும் என்று பயந்து, கழிப்பறையில் போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். கோழிமேல் இருந்த அக்கறை எனக்கு என்மேல் இருக்கவில்லை.

பத்து நாளில் காய்ச்சல் வந்தது. முகம் பழையபடி செக்கச் செவேலென்று தடித்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தோட்டத்தில் பின்வரிசை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அம்மை போட்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை (சொந்த அத்தை இல்லை, நான் பிறந்தபோது முதலில் தூக்கியவர் என்பதால் அத்தை) வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

"அடியே, இது காய்ச்சல் இல்ல. அம்மா வந்திருக்கா. பேச்சக் கொறச்சுக்க, வீட்டுல தாளிக்காத, கண்ட மருந்தையும் குடுத்துடாத."

எங்கள் தோட்டத்தில் அம்மை என்றால் அது நோய் இல்லை. மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வந்தவளை மருந்து கொடுத்து விரட்டக் கூடாது. அம்மா மாத்திரைப் பொட்டலங்களை எடுத்து, கும்பிட்டு, அலமாரிமேல் வைத்தாள். "தாயி எறங்குற வரைக்கும் இது வேணாம் லா" என்றாள். வாசலில் வேப்பிலை செருகினாள். என்னை வேப்பிலையில் படுக்கவைத்தாள். இளநீரும் கூழும் கொடுத்தாள். எண்ணெயும் கடுகும் இல்லாத சமையல். உரத்துப் பேசுகிற என் அப்பாகூட மெதுவாகப் பேசினார்.

எனக்குத் தெரியும், அது அம்மை இல்லை. கொப்புளம் ஒன்றுகூடக் கிடையாது. மாத்திரையை நிறுத்தியதால் லூப்பஸ் எழுந்துவிட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. லூப்பஸுக்கு யாரும் வேப்பிலை செருகவில்லை. லூப்பஸுக்கு யாரும் என்னைக் கும்பிடவில்லை. அம்மை என்றால் சில நாளில் இறங்கிவிடும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது, மறுவாரம் பள்ளிக்குப் போகலாம். எனக்கும் அப்படி ஒரு முடிந்துபோகிற வியாதி வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஆறாம் நாள் காலையில் என்னால் எழுந்து உட்கார முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. வாந்தி எடுத்து அப்படியே விழுந்தேன். அப்பா என்னைப் போர்வையோடு தூக்கி, பக்கத்து வீட்டு வேனில் போட்டுக்கொண்டு டவுனுக்கு ஓடினார். கிட்னியைப் பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு மாதம் வார்டில் கிடந்தேன். கிட்னி தப்பியது.

வார்டில் இரண்டாம் நாளா மூன்றாம் நாளா, டாக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று, மருந்தை நிறுத்தியது யார் என்று கேட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"நான்தான்" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த மலாயில், கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள். "நான்தான் டாக்டர். சாமின்னு நெனச்சிட்டேன்."

நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தேன். அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மாறிப்போயிருந்தாள். எனக்கு உப்பில்லாத சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவும் உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். விடியுமுன் என்னை எழுப்பி, எதிரில் நின்று, மாத்திரையை ஒவ்வொன்றாக என் கையில் வைப்பாள். அவள் கை நடுங்கும். "இந்தாம்மா, சாப்புடும்மா" என்பாள். அந்த 'அம்மா' எனக்கு வேண்டியிருக்கவில்லை. நோய்க்கு முன்னால் அவள் என்னை அழைத்த பெயர்களில் எருமை, மூதேவி, சோம்பேறி எல்லாம் உண்டு. இப்போது ஒரு விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள். எதிர்வீட்டு அத்தையும் எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். என் வியாதியைக் கண்டு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பேசுவதையே விட்டிருந்தேன். கிளினிக்குக்குப் போன ஒரு நாள் நர்ஸ் ஒருவர் சும்மா, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். "நான் இல்லாமப் போனா எங்க வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி" என்றேன். எப்படி வாயில் வந்ததோ. அவர் பேனாவைக் கீழே வைத்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார், பிறகு எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னார். அப்படித்தான் பல் டாக்டருக்கு அடுத்த அறைக்கு எனக்குச் சீட்டு எழுதினார்கள்.

அம்மா பயந்துபோனாள். மனநலம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் எங்கோ, பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே தோட்டத்தில் பைத்தியம் என்று பொருள். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு என்னை யார் கட்டுவார்கள் என்று அவள் அப்பாவிடம் அடுக்களையில் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. அப்பா, "மொதல்ல பொண்ணு இருக்கட்டும், அப்புறம் மாப்பிள்ளயப் பாக்கலாம்" என்றார். என் அப்பா அதிகம் பேசாதவர் இல்லை, ஆனால் உருப்படியாகப் பேசியது அன்றுதான்.

உள்ளே இருந்தவர் இளவயது மலாய்ப் பெண் டாக்டர். ஏர்கோன் குளிர் ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் தும்மிக்கொண்டிருந்தார். முதல் மூன்று தடவை நான் வாயே திறக்கவில்லை. அவர் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளியில் என்ன, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். பதில் வராவிட்டால் தும்முவார். நான்காவது தடவை நான் மேசையைப் பார்த்துக்கொண்டே, "டாக்டர், இந்த மூஞ்சி இப்படியேதான் இருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என் கோப்பைத் திறந்து, எட்டிலிருந்து ஆறாக, ஆறிலிருந்து நான்காக மருந்து எப்போது குறையும் என்று கிட்னி டாக்டரிடம் கேட்டு எழுதிவாங்கி, என் கையில் ஒரு காகிதமாகக் கொடுத்தார். இந்தக் கட்டத்தில் முகம் வடிய ஆரம்பிக்கும் என்று ஒரு கோடு போட்டார். "நாள் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் வடியும்" என்றார். அந்தக் காகிதத்தை நான் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த தடவை, மாத்திரை எறிந்த கதையை அவரிடம் முழுவதும் சொன்னேன். கோழி உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏர்கோனாகவும் இருக்கலாம்.

"அம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றேன். அதற்கடுத்த தடவையும் வேணாம் என்றேன். அம்மா வெளியே பெஞ்சில், யாரும் கேட்காதபோதும் பல்வலிக்காரியின் தாய் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னால் அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்று எனக்குப் பயம். சொல்லாவிட்டால் அவள் தன்னையே வெறுத்துக்கொண்டிருப்பாள் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. ஒரு நாள் மத்தியானம் அம்மா வேலையிலிருந்து வந்து, ரப்பர் பால் வாடையோடு அப்படியே சாப்பிட உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் புதிதாக மஞ்சள் காப்பு இருந்தது.

"என்னாம்மா இது?"

"தீ மிதிக்கிறேன்னு நேர்ந்துக்கிட்டேன்."

"ஒனக்குத்தான் காலு வெடிச்சுக் கெடக்கே. எதுக்கு?"

அம்மா உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "தாயி பேரச் சொல்லி மருந்த நிறுத்துனவ நான்தானே. அவ மேலயே பழியப் போட்டுட்டேன். பெத்த புள்ளயக் கொல்லப் பாத்தவ. நெருப்புல எறங்கி மன்னிப்புக் கேட்டாத்தான் என் மனசு ஆறும்."

அந்தத் தட்டைப் பார்த்தேன். அம்மாவுக்கு ஊறுகாய் என்றால் உயிர். மாதக்கணக்கில் அவள் ஊறுகாயைத் தொடவில்லை.

"நீ நிறுத்தலம்மா" என்றேன். "நீ நிறுத்துறதுக்கு முன்னாலயே நான் நிறுத்திட்டேன். பத்து நாளா எல்லாத்தயும் கக்கூஸ்ல போட்டுட்டேன். அதுனாலதான் காய்ச்சல் வந்துச்சு. அம்மை இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. டாக்டர் கேட்டப்பயும் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆரம்பித்தாள்.

"அடி எரும! சண்டாளி! நான் இருட்டுல எழுந்து கொசுக்கடியில எண்ணி எண்ணி வெச்சுட்டுப் போறேன், நீ கக்கூஸ்ல போட்டியா? ஒரு மாசம் வார்டு வாசல்ல நாய் மாதிரி கெடந்தேனே, பாத்துக்கிட்டா இருந்த? மூதேவி, ஒனக்கு என்னா கொற வெச்சேன் நான்?"

எதிர்வீடு உட்பட எல்லாரும் கோயில் வேலைக்குப் போயிருந்தார்கள், இல்லாவிட்டால் வீட்டு வரிசை முழுவதும் கேட்டிருக்கும். அவள் திட்டத் திட்ட நான் அழுதேன். அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பும் வந்தது. எத்தனை மாதமாயிற்று அந்த எருமையைக் கேட்டு! நான் சிரிப்பதைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம். எச்சில் கையோடு என் தலையைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கியவள் அப்படியே தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எதுக்குடி அப்படிப் பண்ண?"

"மூஞ்சிம்மா" என்றேன். "எல்லாரும் பாவ்னு கூப்புடுறாங்க."

அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் ஒருநாளும் கேக்கலயே உன்ன" என்றாள்.

காப்பை அவிழ்ப்பாள் என்று நினைத்தேன். அவிழ்க்கவில்லை. "நேர்ந்தது நேர்ந்ததுதான். மன்னிப்புக்குன்னு சொல்லியிருந்தேன். இப்ப நன்றிக்குன்னு மாத்திச் சொல்லிக்கிறேன். அவளுக்குப் புரியும் லா" என்றாள். திருவிழா அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் பூக்குழி இறங்கினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கோயில் கொட்டகைக்குள் நின்றேன். அம்மா மஞ்சள் சேலையில், வேப்பிலையோடு, நெருப்பில் நடந்துவந்தாள். நடந்துவந்து பால் குழியில் நின்றதும் என்னைத்தான் தேடினாள். மறுநாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் மாத்திரை கொடுக்கும்போது அம்மாவின் கை நடுக்கம் நிற்கவில்லை. நான் தூங்கும்போது வந்து வந்து என் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதும் நிற்கவில்லை. தப்பு யார்மேல் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நான் நினைத்தது தப்புக் கணக்கு. ஒரு நாள் பஸ்ஸில் கேட்டேன்.

"அம்மா, நீயும் ஒரு தடவ உள்ள போய்ப் பேசேன்."

"எனக்கென்னா பைத்தியமா?"

"அப்ப எனக்கு?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கடுத்த தடவை கிளினிக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ இரு. இன்னிக்கி நான் போறேன்."

கதவு மூடியது. இத்தனை மாதம் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எதிரே வெள்ளைச் சுவரும், பல் விளக்கும் ஒரு பையனின் படமும்தான் தெரிந்தன. உள்ளே டாக்டர் தும்மியது கேட்டது. பிறகு அம்மா அழுவது கேட்டது. எழுந்து கதவருகே போகலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் அழுதபோது அவளும் இப்படித்தான் இங்கே இருந்திருப்பாள்.

அப்போது பெஞ்சின் மறுமுனையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு அத்தை. கையில் நம்பர் சீட்டு, கன்னத்தில் கைக்குட்டை. அவருக்கு நிஜமாகவே பல்வலி. என்னைக் கண்டதும் எழுந்து போய்விடுவார்போல இருந்தது. போகவில்லை.

"பல்லாம்மா?" என்றார்.

என் கை பழக்கத்தில் கன்னத்துக்குப் போனது. பாதியில் இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கன்னமும் முன்னைப்போல இல்லை, கொஞ்சம் வடிந்துதான் இருந்தது.

"இல்ல அத்தே. இது பக்கத்து ரூம். மனசு டாக்டரு. நான் மூணு நாலு மாசமா வர்றேன். இன்னிக்கி எங்கம்மா உள்ள பேசிக்கிட்டிருக்காங்க."

அத்தை அந்தக் கதவைப் பார்த்தார். ஏதாவது சொல்வார், நாளைக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும் என்று காத்திருந்தேன். அவர் பெஞ்சிலேயே நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தார்.

"பேசுனா தூக்கம் வருமா?" என்று கேட்டார். "அன்னிக்கி வாசல்ல நின்னு அம்மைன்னு சொன்னது நான்தானே. ஒன்னயத் தூக்கிட்டுப் போனதப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லடி. உங்க வீட்டுப் படியேறவே மொகம் இல்ல."

அருவருப்பு என்று நான் நினைத்திருந்தது இதைத்தான். என் ஒரு கிண்ணம் மாத்திரை எத்தனை வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் கூச்சத்தைவிட வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. சொல்லவேண்டியதை ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிப் பழகியிருந்தேன்.

பல் கிளினிக் கதவு திறந்து அத்தையின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கோழிகளுக்குப் பயந்து மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.